தீப்பெட்டிப் படம் சேர்க்கும் பிள்ளை: எப்படிக் காப்பது, பின்னாளில் எதற்கு உதவும்?

ஓலைப்பெட்டி:
ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிப் படங்கள், ஏறக்குறைய 340. எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கின்றன. பாதி முழுப்பெட்டி, பாதி கிழித்த அட்டை. பரணிலிருந்து எடுத்த பழைய மரப்பெட்டிகளும் முப்பது, நாற்பது இருக்கும். இரண்டு கேள்விகள். கெடாமல் வைக்க என்ன செய்ய வேண்டும்? இந்தப் பழக்கம் பிள்ளையிடம் எதையாவது விட்டுச் செல்லுமா, பொழுதுபோக்கோடு முடிந்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாள்காப்பு:
முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: குச்சியுள்ள பெட்டிகளை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் மருந்துப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால் பற்றும். தகர டப்பா குலுங்கும்போது உதிரிக் குச்சி ஒன்று பட்டையில் உரசினால் போதும். சேகரிப்புக்குக் காலிப் பெட்டி மட்டும்தான்.

அட்டைப் பெட்டியைக் கிழிக்க வேண்டாம். மேல்பெட்டியின் ஒரு விளிம்பில் ஒட்டு இருக்கும். அதற்குள் மழுங்கிய மெல்லிய கத்தியையோ பழைய ஏடிஎம் கார்டையோ நுழைத்து மெதுவாக நகர்த்தினால் ஒட்டு விட்டுவிடும். விரித்துத் தட்டையாக்கி, கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். மருந்துப் பட்டை பக்கத்துப் படத்தில் பழுப்புக் கறை ஏற்றும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் நடுவே வெள்ளைத் தாள் வைக்க வேண்டும்.

மரப்பெட்டியில் லேபிள் தனித் தாளாக ஒட்டியிருக்கும். ஊறவைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பஞ்சை நனைத்துப் படத்தின் மூலையில் மூன்று விநாடி வைத்து எடுங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் அந்த லேபிளைத் தண்ணீரில் போடவே கூடாது, மரத்தோடு அப்படியே இருக்கட்டும். ரோஸ், ஊதா நிறங்கள்தான் பெரும்பாலும் கரையும். சாயம் ஏறாவிட்டால் லேபிள் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, தட்டில் இரண்டு விரல் உயரம் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, படம் மேலே பார்க்க மிதக்க விடுங்கள். பசை மாவுப்பசை என்பதால் 15, 20 நிமிடத்தில் இளகிவிடும். அடுத்த படியில்தான் எல்லாரும் தவறுகிறார்கள்: மரத்திலிருந்து தாளை உரிக்கிறார்கள். தாளிலிருந்து மரத்தைத்தான் விலக்க வேண்டும். படத்தைக் குப்புற ஒரு பிளாஸ்டிக் தாளில் வைத்து, மரச்சீவலைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். நனைந்த தாளுக்கு இழுவிசை தாங்காது. மரம் தாங்கும்.

பின்பக்கம் மிச்சமிருக்கும் பசையை ஈரமான மென்தூரிகையால் துடைத்துவிட வேண்டும். விட்டால் இராமபாணப் பூச்சிக்கு அதுதான் தீனி. உலர்த்த வெள்ளைப் பருத்தித் துணியோ ஒற்றுத்தாளோ போதும். செய்தித்தாளில் வைத்தால் அதன் மை ஏறும். வெயிலில் வைத்தால் தாள் சுருளும், சிவப்பு வெளிறும்.

கரிசல்மண்:
தாள்காப்பு சொன்ன முறை சரி. ஆனால் ஊறவைப்பதையே கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஒரே மாதிரி இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றைப் பிரிக்கலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் முழுப்பெட்டியாகவே இருக்கட்டும். படம் அழகு, சரி. ஆனால் தகவல் பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கிறது. தயாரிப்பாளர் பெயர், ஊர், மாவட்டம், குச்சி எண்ணிக்கை, விலை எல்லாம் அங்கேதான். படத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டியவர்கள் பாதிச் சரித்திரத்தைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் வந்தது. அதன்பின் வந்த பழைய பெட்டிகளில், வரி கட்டியதைக் காட்டும் தாள்பட்டையின் துண்டு ஒட்டியிருக்கக்கூடும். கிழிந்த காகிதம்தானே என்று பிய்த்துவிட வேண்டாம். பரணில் கிடைத்ததாகச் சொன்ன மரப்பெட்டிகளை நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆமைநடை:
குறுக்கே வருவதற்குப் பொறுக்கவும். ஓலைப்பெட்டி கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. சேர்ப்பது என்பது ஆசையைத்தான் வளர்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 340 இருந்தால் 500 வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்ற ஏக்கம் வரும். இதில் என்ன வாழ்க்கைப் பாடம் இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன்.

வால்காக்கை:
நியாயமான கேள்வி, ஆமைநடை ஐயா. எண்ணிக்கையை மட்டும் வளர்த்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். பிள்ளையை மாற்றுவது பொருள் இல்லை, பொருளுக்குப் பக்கத்தில் எழுதும் நாலு வரி. எங்கே கிடைத்தது, என்றைக்கு, யார் கொடுத்தார், எந்த நிலையில். நான் பூச்சி, பறவைப் பக்கம். அங்கிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன்.

எட்வர்ட் வில்சன், எறும்பு ஆய்வாளர், அமெரிக்காவின் அலபாமாக்காரர். ஏழு வயதில் மீன் பிடிக்கும்போது மீன் முள் வலது கண்ணில் குத்திப் பார்வை போனது. தூரத்துப் பறவை, விலங்குகளைப் பார்ப்பது கடினமானது. மிச்சமிருந்த இடது கண் கிட்டத்தில் நுணுக்கமாகப் பார்க்கும். விரலில் பிடித்து முகத்தருகே வைத்துப் பார்க்கக்கூடிய பூச்சிகளைச் சேர்க்கத் தொடங்கினார். 1942-ல் 13 வயதில், மொபில் நகரத் துறைமுகத்துக்கு அருகே தென் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய நெருப்பெறும்பின் புற்றைக் கண்டார். இடமும் காலமும் தெரிந்திருந்ததால் ஒரு பையனின் கண்டுபிடிப்பு அந்த எறும்பு அமெரிக்காவுக்குள் பரவிய வரலாற்றில் இடம்பெற்றது. 1949-ல் மாநில அரசு நெருப்பெறும்பை ஆராய அழைத்தது அவரைத்தான், அப்போது அவர் மாணவர். "நிறைய எறும்பு பார்த்தேன்" என்று மட்டும் நினைவு இருந்திருந்தால் அது வீட்டுக் கதையாகவே போயிருக்கும்.

நம் நாட்டில் பறவையியலாளர் சாலிம் அலி. சிறுவனாக இருந்தபோது சுட்ட சிட்டு ஒன்றின் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது. அது என்ன பறவை என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். செயலாளராக இருந்த மில்லார்டு இனத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை, பாடம் செய்து வைத்த பறவைகளின் இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். அப்படிப்பட்ட சேகரிப்பில் ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும்: இடம், நாள், சேகரித்தவர் பெயர். சீட்டு அறுந்த பறவையை வைத்துக்கொண்டு ஆய்வாளரால் அதிகம் செய்ய முடியாது. தீப்பெட்டிக்கும் இதே கதைதான்.

கரிசல்மண்:
வால்காக்கை சொன்ன 'சீட்டு' விஷயத்தைத் தீப்பெட்டியில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். 200 பக்கக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். கட்டங்கள்: வரிசை எண், பெயர், படம் என்ன, தயாரிப்பாளரின் ஊரும் மாவட்டமும், அச்சிட்ட விலை, அச்சிட்ட குச்சி எண்ணிக்கை, மரமா அட்டையா, கிடைத்த இடம், கிடைத்த நாள், கொடுத்தவர், பழுது. அதே வரிசை எண்ணைப் பெட்டியின் பின்பக்கம் எச்பி பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊடுருவும். எண் போட்ட பெட்டியும் எண் உள்ள நோட்டும் பிரிந்தே இருந்தாலும் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும்.

340-ஐயும் ஒரே நாளில் எழுத வைத்தால் பிள்ளைக்கு வெறுத்துவிடும். ஒரு நாளைக்கு 10 போதும். கையெழுத்து பிள்ளையுடையதாகவே இருக்கட்டும், பெரியவர்கள் அழகாக எழுதித் தர வேண்டாம்.

பெட்டியின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், அதில்தான் சுவை. விலை நயா பைசாவில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. 'தமிழ்நாடு' என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பின். ஜிஎஸ்டி என்று இருந்தால் 2017 ஜூலைக்குப் பின். இரண்டு ரூபாய் என்றால் 2021 டிசம்பர் விலையேற்றத்துக்குப் பின். அதற்கு முன் ஒரு ரூபாய், அது 2007-லிருந்து. அதற்கும் முன் 50 காசு.

மாவட்டப் பெயர் இன்னும் துல்லியமான கருவி. சிவகாசி முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985-ல் காமராஜர் மாவட்டம் பிரிந்தது. 1997-ல் அதுவே விருதுநகர் மாவட்டம் ஆனது. கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 1986-ல் வ.உ.சிதம்பரனார் மாவட்டத்துக்குப் போய், பிறகு தூத்துக்குடி மாவட்டம் ஆனது. ஒரு தீப்பெட்டியின் அடியில் உள்ள ஒரு வரியில் தமிழ்நாட்டு மாவட்ட வரலாறே இருக்கிறது. இதைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த பிள்ளை மறந்துவிடும், பெட்டியைப் புரட்டிக் கண்டுபிடித்த பிள்ளை மறக்காது.

ஓலைப்பெட்டி:
இதைப் படித்ததும் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒன்று சிக்கியது. அட்டைப் பெட்டி, மயில் படம். பக்கவாட்டில் சிவகாசி, காமராஜர் மாவட்டம். விலை 50 காசு, சராசரி 50 குச்சிகள். மயிலின் அலகுக்கு இரண்டு விளிம்பு இருப்பது போலத் தெரிகிறது, ஓரத்தில் சிவப்பு மட்டும் அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. அப்படியானால் 1985-க்கும் 1997-க்கும் நடுவே என்று எழுதலாமா?

மைதட்டு:
அலகு இரண்டாகத் தெரிவதற்குக் காரணம் அச்சு. நாலு நிறத்துக்கு நாலு தகடு. ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகத் தாளில் விழுகிறது. ஒன்று இம்மி விலகினால் விளிம்பு இரட்டையாகும். அச்சகத்தில் 'ரெஜிஸ்டர் விலகிப்போச்சு' என்பார்கள். தாள் ஈரம் குடித்து நீண்டாலும் இப்படி ஆகும். சிவகாசி வறண்ட ஊர் என்பதுதான் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் வசதி, ஆனாலும் மழை நாட்களில் இந்தத் தொல்லை உண்டு.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இப்படித் தகடு வைத்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் அச்சான அட்டையை அதில் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகக் கூடிப் பூப்போலத் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலும் தனித்தனியாக. கல்லில் படம் வரைந்து அச்சிட்ட பழைய கல்லச்சு லேபிளில் அந்த ஒழுங்கு இருக்காது. கையால் வைத்த புள்ளிகள், ஒரு புள்ளி பெரிது ஒரு புள்ளி சிறிது, நிறத்துக்கு ஒரு தட்டையான பரப்பு. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கத் தெரிந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர், பட்டாசு அட்டை என்று கையில் எடுக்கும் ஒவ்வொரு அச்சுத் தாளும் புதிதாகத் தெரியும். வடிவமைப்புக்கும் அச்சுத் தொழிலுக்கும் வருகிறவர்களுக்கு இந்தக் கண் படிப்பால் மட்டும் வருவதில்லை, ஆயிரக்கணக்கான அட்டைகளைப் பார்த்து வருவது.

போலிகளையும் கவனிக்கச் சொல்லுங்கள். நன்றாக விற்கும் பெட்டியின் படத்தைச் சின்னத் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் மாற்றிப் போடுவது இந்தத் தொழிலில் வெகுகாலமாக உண்டு. கப்பலில் பாய் ஒன்று குறையும், விளக்கில் கதிர் ஒன்று கூடும், பெயரில் ஓர் எழுத்து மாறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை நோட்டில் எழுத வைத்தால் அதைவிட நல்ல கண் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கரிசல்மண்:
ஓலைப்பெட்டி, 1985 சரி. 1997 என்று முடிப்பதுதான் தவறு.

மாவட்டம் உருவாவதற்கு முன்னால் அதன் பெயரை யாராலும் அச்சிட முடியாது. அதனால் தொடக்க எல்லை உறுதி. ஆனால் பெயர் மாறிய பிறகும் பழைய தகட்டையே வைத்து அச்சிடலாம், அச்சிட்ட அட்டை குடோனில் மிச்சம் கிடந்து மெல்லத் தீரலாம். முடிவு எல்லைக்கு வேறு சான்று வேண்டும். உங்கள் பெட்டியில் 50 காசு என்று இருக்கிறது. ஒரு ரூபாய் விலை 2007-ல் வந்தது. அதனால் நோட்டில் '1985-க்குப் பின், அநேகமாக 2007-க்கு முன்' என்று எழுதுங்கள். 'அநேகமாக' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

'இதற்கு முன்னால் இருக்கவே முடியாது' என்பதற்கும் 'இதற்குப் பின்னால் இருக்க வாய்ப்பு குறைவு' என்பதற்கும் உள்ள இந்த இடைவெளிதான் கல்வெட்டு படிக்கிறவரும் பத்திரம் பார்க்கும் வக்கீலும் தினமும் கையாளும் விஷயம். பத்து வயதில் ஒரு மயில் பெட்டியை வைத்துக்கொண்டு இது புரிந்துவிட்டால், ஆமைநடை ஐயா கேட்டதற்கு என் பதில் அதுதான்.

ஆமைநடை:
இந்தப் பதில் ஏற்றுக்கொள்ளும்படி இருக்கிறது. ஆனால் ஏக்கம், குவிப்பு பற்றிய கேள்வி நிற்கிறது. பெருகிக்கொண்டே போனால் என்ன செய்வது?

வால்காக்கை:
இடத்துக்கு எல்லை வையுங்கள், எண்ணிக்கைக்கு வேண்டாம். ஒரு ஆல்பம், ஒரு பெட்டி. நிரம்பினால் எதை வெளியே எடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒரே மாதிரி மூன்றுக்கு மேல் தேவையில்லை: ஒன்று வைத்துக்கொள்ள, இரண்டு மாற்றிக்கொள்ள. மாற்றும்போது ஒன்றுக்கு ஒன்று. ஒன்றே ஒன்று இருப்பதைக் கொடுக்கவும் வேண்டாம், மற்றவரின் ஒன்றே ஒன்றைக் கேட்கவும் வேண்டாம்.

காசு கொடுத்துக் கட்டாக வாங்கித் தருவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இணையத்தில் 500 லேபிள் கொண்ட கட்டு கிடைக்கும். அது வந்த அன்றைக்கே 'எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்' என்ற இரண்டு கட்டமும் செத்துவிடும். டீக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒரு பேச்சு இருக்கிறது. கூச்சமுள்ள பிள்ளை முன்பின் தெரியாதவரிடம் கேட்டு வாங்கப் பழகுவது அங்கேதான்.

பதினான்கு, பதினைந்து வயதில் ஆர்வம் விட்டுப்போனால் கட்டாயப்படுத்த வேண்டாம். டப்பாவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நோட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும், துண்டறிக்கைகளும், அழைப்பிதழ்களும் அவர் மறைவுக்குப் பின் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாகவே ஆகியிருக்கின்றன. பிறர் கசக்கி எறிந்த தாள் அங்கே ஆய்வாளர் மேசையில் இருக்கிறது.

தாள்காப்பு:
கட்டி வைப்பது என்று பேச்சு வந்ததால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆல்பத்துக்குப் பிவிசி என்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம். திறந்ததும் புதுச் செருப்பு வாசம் அடித்தால் அது பிவிசி. சில ஆண்டில் பிசுபிசுத்து மையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். செல்லோடேப் பழுப்பாகி அந்தக் கறை தாளுக்குள் இறங்கும், பிறகு போகாது. ஃபெவிகால் ஒட்டினால் கிழிக்காமல் பிரிக்க முடியாது. லேமினேஷன் செய்தால் அந்த லேபிளை இழந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். புகைப்பட மூலைகள் போதும், ஒட்டவே வேண்டாம்.

கடலோர ஊர் என்றால் ஈரம்தான் முதல் எதிரி. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாற்றுங்கள். சுவரோடு ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள். பூச்சி ஏற்கெனவே இருந்தால் காற்றுப் புகாத ஜிப் உறையில் போட்டு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுதும் அப்படியே இருந்து அறை வெப்பத்துக்கு வர வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் தாள்மேல் நீராகப் படியும்.

இரண்டு பக்கமும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, கோப்புக்கு நோட்டில் உள்ள வரிசை எண்ணையே பெயராக வையுங்கள்.

ஓலைப்பெட்டி:
நோட்டு வாங்கி எழுதத் தொடங்கியாயிற்று. முதல் 20 முடிந்தது. ஒரு சிக்கல். 'கிடைத்த இடம்' கட்டத்தைக் காலியாக விடப் பிள்ளைக்கு மனமில்லை. நினைவில்லாதவற்றுக்கும் ஏதாவது ஓர் ஊர்ப் பெயரை எழுதிவிடுகிறது. கட்டம் நிரம்பியிருந்தால்தான் நோட்டு அழகாக இருக்கிறதாம்.

வால்காக்கை:
இது மிக முக்கியமான இடம், விட்டுவிடாதீர்கள். திட்டவும் வேண்டாம். டார்வின் என்ன செய்தார் என்று சொல்லுங்கள்.

சிறுவயதில் சிப்பி, முத்திரை, நாணயம், கனிமம் என்று சேர்த்தவர். கேம்பிரிட்ஜில் வண்டு சேர்ப்பதில் வெறியே இருந்தது. அப்படிப்பட்டவர் 1835-ல் கலாபகோஸ் தீவுகளில் சிறு குருவிகளைச் சேர்த்தபோது பலவற்றுக்கு எந்தத் தீவு என்று குறிக்காமல் விட்டுவிட்டார். தீவுக்குத் தீவு வேறுபடும் என்று அப்போது தோன்றவில்லை. லண்டனில் பறவையியலாளர் கூல்டு 1837-ல் அவற்றைப் பார்த்துத் தனித்தனி இனங்கள் என்றதும்தான் தீவின் பெயர் எவ்வளவு தேவை என்பது தெரிந்தது. டார்வின் அதன்பின் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் முதலானோர் சேர்த்த குருவிகளின் குறிப்புகளைத் தேடிப்போனார்.

ஆகவே மூன்று வகையாக எழுதச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்தால் ஊர்ப்பெயர். யாராவது சொல்லித் தெரிந்தால் ஊர்ப்பெயரோடு சொன்னவர் பெயர். தெரியாவிட்டால் கேள்விக்குறி. கேள்விக்குறியும் கட்டத்தை நிரப்பும். ஏற்கெனவே எழுதியதை ரப்பரால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதட்டும்.

ஓலைப்பெட்டி:
சொன்னோம். கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. பிறகு ஒவ்வொரு வரியாக அடித்து எழுதியது. 20-ல் 13 கேள்விக்குறி. இரண்டில் 'பாட்டி சொன்னது'. மயில் பெட்டி எட்டாவது. அதற்கும் கேள்விக்குறிதான், ஆனால் கொடுத்தவர் பெயர் தெரிகிறது. அவரிடம் எந்த ஊரில் வாங்கினார் என்று கேட்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறோம்.

கரிசல்மண்:
போகும்போது நோட்டையும் பென்சிலையும் எடுத்துப் போங்கள். அவர் சொல்வதை அங்கேயே எழுதட்டும், வீட்டுக்கு வந்து வேண்டாம். அன்றைய தேதியும் போடச் சொல்லுங்கள்.